இயக்குநரின் பேன்

அருங்காட்சியக இயக்குநரின் வழுக்கைத் தலை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அரிக்கத் தொடங்கியது. மாடியறையில், பேன்களோடே கிடப்பதால் எல்லோரும் பேனக்கா என்று கூப்பிடும் ஊழியர் அவர் பெயர் தாங்கிய பேனை நுண்ணோக்கியில் வைத்த அதே நேரம். இதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. பறவைப் பேன்களின் மூலமாதிரிகளை அவள் பட்டியலிட ஆரம்பித்ததிலிருந்தே அப்படித்தான் நடந்துவந்தது. மூலமாதிரி என்பது, ஓர் இனத்துக்கு முதன்முதலில் பெயர் வைத்தபோது எந்தப் பேனைப் பார்த்து வைத்தார்களோ அந்தப் பேன். கண்ணாடிச் சில்லில் பிசினுக்குள் கால் பரப்பிக் கிடக்கும். அதை உற்றுப் பார்த்தால், பெயருக்கு உரியவர் உயிரோடிருக்கும் பட்சத்தில் சொறிவார். ஓய்வுபெற்ற வனத்துறை அதிகாரி ஒருவர் ஷாம்பு மாற்றி ஷாம்பு போட்டுப் பார்த்து அலுத்து, "சாயங்காலம் ஒரு கல்யாணத்துக்குப் போறேன்மா, என்னோடத நாளைக்குப் பாத்துக்கயேன்" என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டார். அவளும் ஒத்திவைத்தாள்.

இயக்குநருக்கோ அரிப்பு பெருமையாக இருந்தது. தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது முறையல்ல என்பதால், இளவயதில் ஒரு நீர்க்காகத்தின் இறகில் பிடித்த பேனுக்கு உதவியாளரைக் கொண்டு வைக்கச் செய்தவர் அவர். ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குகிறவர்களை ஊர் பார்த்திருக்கிறது; இவர் பேனைப் பிடித்துக்கொண்டு தானே பெருமாளானார். வரவேற்பறையில் அதன் படம் ஆளுயரத்துக்குத் தொங்கியது. பக்கத்திலேயே அவர் படமும் இருந்ததால், பள்ளிப் பிள்ளைகள் எது பேன் என்று கேட்பதுண்டு.

சிக்கல் என்னவென்றால் அந்தப் பேன் புதிதல்ல. நூறாண்டுக்கு முன்பே ஒரு கப்பல் மருத்துவர் அதே பேனைப் பிடித்து அதற்குத் தன் மாமியார் பெயரைச் சூட்டியிருந்தார். பாசத்திலா பழிவாங்கவா என்று எழுதிவைக்கவில்லை. பேனக்கா இரண்டையும் மயிர் மயிராக ஒப்பிட்டாள். ஒரே பேன். முந்தி வைத்த பெயரே செல்லும் என்பது விதி. ஆக, இயக்குநர் மாமியாருக்குள் அடங்க வேண்டும். ஆனால் பட்டியலில் இயக்குநர் கையெழுத்திட்டால்தான் பல வருடமாகத் தற்காலிகமாகவே தொங்கும் அவள் வேலை நிரந்தரமாகும்.

பேருந்து நடத்துநரான அவள் கணவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "உயிரோட இருக்கற பேனுக்கே எவனும் வேலைய விடமாட்டான். செத்த பேனுக்கு விடப்போறியா?"

"ரெண்டும் ஒண்ணுங்க. வேறன்னு எப்படி எழுதறது?"

"மேலதிகாரி வேறன்னா வேறதான். எங்க மேனேஜர் ஓட்டை பஸ்ஸைப் புது பஸ்ஸுங்கறார். நாங்க ஏறலையா?"

இயக்குநர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். "என்னைப் போய் ஒரு மாமியாருக்குக் கீழ போடறியாம்மா? மறுபடி பாரு. வித்தியாசம் கிடைக்கற வரைக்கும் பாரு. கிடைச்சாத்தான் கையெழுத்து."

"சரி சார்" என்றாள் பேனக்கா. போய்ப் பார்க்க உட்கார்ந்தாள்.

தினமும் காலையில் வைத்த கண்ணை மாலையில்தான் எடுத்தாள். இயக்குநர் முதலில் விரலால் சொறிந்தார். பிறகு பென்சிலால், பிறகு கோப்பின் ஓரத்தால். மரியாதை கருதித் துணை இயக்குநர்களும் சொறியத் தொடங்கினார்கள், அவர்கள் பெயரில் ஒரு பேன்கூட இல்லாதபோதும். ஆய்வுக்கு வந்த அமைச்சர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். வீட்டில் இயக்குநரின் மனைவி தலையணையைத் தனியாக்கி, பிறகு ஆளையே கூடத்துக்கு அனுப்பினார். கடைசியில் இயக்குநரே படியேறி வந்தார்.

"கிடைச்சுதா?"

"இல்ல சார். இன்னும் பின்னங்கால் பாக்கி. பொறுமையாப் பாக்கணும். நாலஞ்சு மாசம் ஆகும்."

"பேனாவைக் குடு."

பேனக்கா நிரந்தரமானாள். இயக்குநரின் தலை அன்று மாலையே குளிர்ந்தது. ஆளுயரப் படத்தின் கீழே மாமியார் பெயர் ஏறியது. அடுத்த வருடம் அவர் ஓய்வுபெற்றார். மாலை போட்டவர்கள் மறுநாள் தெருவில் அடையாளம் தெரியாமல் கடந்து போனார்கள். அவரை இப்போது யாரும் நினைப்பதில்லை; அவர் தலையும் அரிப்பதில்லை.

பெயர் செத்தாலும் மூலமாதிரியைத் தூக்கிப்போடக் கூடாது என்பதும் விதிதான். அதனால் அவர் பேன் இழுப்பறையிலேயே கிடந்தது. ஒரு மழை நாளில் அவர் குடையை மடக்கிக்கொண்டு மாடியறைக்கு வந்து, விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, கொஞ்ச நேரம் மழையைப் பற்றியும் மூட்டுவலியைப் பற்றியும் பேசினார்.

"கை சும்மா இருந்தா அதக் கொஞ்சம் பாரேன்மா."

அவள் இழுப்பறையைத் திறந்தாள். சில்லை வைத்துத் திருகைத் திருப்பினாள்.

"அரிக்குதா சார்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கொஞ்சம் இடது பக்கம்" என்றார். அவள் நகர்த்தினாள்.