முப்பத்தொரு குமிழ்களுக்கும் சந்தனப் பொட்டு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை, திருவண்ணாமலைச் சின்னக்கடைத் தெருவில் திருடியது. 2003இல் என் ஆம்ப்ளிஃபயர் புகைந்துபோய், அதைத் தூக்கிக்கொண்டு கண்ணாயிரத்தின் ரிப்பேர் கடைக்குப் போனேன். அவர் மேசைக்கடியில் ஒரு பழைய சிந்தசைசர் கிடந்தது. மின்சாரத்தைப் பிசைந்து சத்தம் செய்கிற பெட்டி அது. முன்னால் ஆர்மோனியத்தில் இருப்பதுபோல் கட்டைகள், அதற்கு மேலே வரிசை வரிசையாகத் திருகு குமிழ்கள். எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்று. ஒவ்வொரு குமிழின் தலையிலும் காய்ந்துபோன சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

"இன்னாங்க இது?" என்றேன்.

"அதுவா? ஒரு அம்மா பண்ண வேலை சார்," என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். பாதிச் சிரிப்பில் கரண்ட் வந்துவிட்டது. சாலிடரிங் இரும்பை எடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பிவிட்டார்.

அந்த நாலு சொல்தான் என் கையிருப்பு. மீதி முழுக்க நான் செய்தது. கடையை விட்டு வெளியே வந்தபோது ஆம்ப்ளிஃபயரை அங்கேயே விட்டேனா, கையில் வைத்திருக்கிறேனா என்பதுகூடத் தெரியாத அளவுக்குக் குஷியாக இருந்தேன்.

2

முதல் வரி, முதல் முயற்சி: "கார்த்திகை தீபம் மலையுச்சியில் ஏறிய அந்த மாலையில்—"

வேண்டாம். திருவண்ணாமலையில் கதை என்றால் மூன்றாவது வரிக்குள் தீபத்தை ஏற்றிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கிறது. தீபக் கொப்பரையை இறக்கி வைக்கிறேன்.

இரண்டாவது முயற்சி: "பழைய சிந்தசைசருக்கு ஞாபகசக்தி கிடையாது."

கட்டுரைபோல் இருக்கிறது. ஆனால் இது தெரியாமல் கதை நகராது. அதனால் அடைப்புக்குள் போட்டுவிடுகிறேன். [புதிய கீபோர்டில் எண்ணை அழுத்தினால் போதும், புல்லாங்குழல் வரும், வயலின் வரும். பழைய பெட்டியில் எண் கிடையாது. முப்பத்தொரு குமிழ்களும் எந்தெந்தப் பக்கம் திரும்பி நிற்கின்றனவோ, அந்த நிலைதான் சத்தம். ஒன்றை நகர்த்தினால் சத்தம் மாறும். எல்லாவற்றையும் நகர்த்தினால் போயே போய்விடும். திருப்பித் தரச் சொல்லிப் பெட்டியிடம் கேட்க முடியாது, அதற்கே தெரியாது.]

மூன்றாவது முயற்சி: "இன்ஸ்டிடியூட்டில் இருபத்திரண்டு டைப்ரைட்டர்களுக்குப் பொட்டு வைத்துவிட்டு வினோதினி வீட்டுக்கு வந்தாள்."

இது பிடித்திருக்கிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

3

1994, ஆயுத பூஜை. வினோதினிக்கு இருபத்தாறு வயது. திருவண்ணாமலையில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கிறாள். ஐந்து வருடத்துக்கு முன் அடி அண்ணாமலை கிராமத்தில் வாடகைக்கு இருந்த ஒரு ஜெர்மன்காரர் தன் கடிதங்களை அவளிடம்தான் டைப் அடிக்கக் கொடுப்பார். ஊருக்குத் திரும்பும்போது, விமானத்தில் ஏற்றக் கனம் ஜாஸ்தி என்று, இந்தப் பெட்டியை அவளிடமே விட்டுப் போனார்.*

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அந்த ஜெர்மன்காரருக்கு ஓர் அத்தியாயமே எழுதிப் பார்த்தேன். மூன்றாவது பக்கத்தில் தியானத்தில் உட்கார்ந்தவர் கடைசிவரை எழுந்திருக்கவே இல்லை. கிழித்துப் போட்டுவிட்டேன்.

வினோதினி குமிழ்களைத் திருகித் திருகித் தானாகவே கற்றுக்கொண்டாள். சக்கரபாணியின் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கப் போனாள். ஐந்து மாதம் முட்டி மோதி ஒரு சத்தத்தை உண்டாக்கினாள். ஒவ்வொரு குமிழும் நிற்க வேண்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு கிழித்து வைத்தாள். கச்சேரி தொடங்கும் முன் இரண்டு நிமிடம் அந்தச் சத்தத்தைத் தனியாக வாசிப்பாள். வாரம் முழுக்க அடுத்தவர்களின் மனுக்களையும் பயோடேட்டாவையும் அடிக்கிற விரல்கள் அவை. அந்த இரண்டு நிமிடம் மட்டும்தான் அவளுடையது. அதற்காகவே மற்ற ஆறு நாளும் ஓடிக்கொண்டிருந்தன.

அந்தச் சத்தம் எப்படி இருக்கும்? எழுதிக் காட்டுகிறேன்.

ம்ம்வ்வூஉஉ

இல்லை.

ஹ்வ்ளோஓஓம்

இதுவும் இல்லை. தமிழில் இருநூற்று நாற்பத்தேழு எழுத்து இருந்தும் உதவிக்கு ஒன்றுகூட வரவில்லை. சக்கரபாணி அதை "அந்த ஊங்கற சத்தம்" என்பார். வினோதினியின் அம்மா தங்கம்மாள் அதற்குப் பெயரே வைக்கவில்லை. அது கேட்டால் சமையலறையில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிற்பார், அவ்வளவுதான்.

சிக்கல் இங்கேதான். சக்கரபாணி சென்னைக்குப் போய்ப் புதிய ஜப்பான் கீபோர்டு ஒன்று வாங்கி வந்துவிட்டார். நூற்று இருபத்தெட்டு சத்தங்கள், எல்லாம் மெமரியில் உண்டு. அதை வாசிக்கக் கோபி என்கிற பையனையும் கூட்டி வந்தார். மேடை சின்னது, கீபோர்டு வைக்க இடம் ஒன்றுதான்.

"வினோதினிம்மா, நான் யாருக்கும் பட்சம் பேச மாட்டேன்," என்றார் சக்கரபாணி. "விஜயதசமி அன்னிக்கு கீழ்பென்னாத்தூர்ல கச்சேரி. கோபி தனியா வாசிக்கட்டும், நீ தனியா வாசி. ஜனம் எதுக்கு ஜாஸ்தி கை தட்டுதோ, அந்தப் பொட்டிதான் இனிமே ஸ்டேஜ்ல. சரிங்களா?"

"சரிங்கண்ணா," என்றாள். அந்தச் சத்தம் கையில் இருக்கும்வரை அவளுக்கு என்ன பயம்?

4

இருபத்திரண்டு டைப்ரைட்டர்களுக்குப் பொட்டு வைத்துவிட்டு வினோதினி வீட்டுக்கு வந்தாள். கூடத்தில் சாமி படத்துக்கு முன்னால் அரிவாள்மணை, கத்தரிக்கோல், தையல் மிஷின். நடுநாயகமாக அவளுடைய பெட்டி பளபளவென்று இருந்தது. சாக்பீஸ் கோடு ஒன்றுகூட இல்லை. முப்பத்தொரு குமிழ்களும் நேராக மேலே பார்த்து நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் பொட்டு.

"இன்னாம்மா பண்ணி வச்சிருக்க?"

"தொடச்சேன்டி," என்றார் தங்கம்மாள் பெருமையாக. "ஒரே சாக்பீஸ் கிறுக்கலு. திருகாணிங்க வேற ஒன்னு இப்டி பாக்குது, ஒன்னு அப்டி பாக்குது. எல்லாத்தயும் நேரா நிமித்தி வச்சிட்டு பொட்டு வச்சேன். இப்ப எவ்ளோ லட்சணமா இருக்குது பாரு!"

வினோதினியின் கை குமிழ்களை நோக்கித் தானாக நீண்டது.

"ஏய், தொடாத! பூஜைல வச்சது. நாளைக்கி காலைல மறுபூஜ போட்டுட்டுதான் எடுக்கணும்."

இந்த இடத்தில் நானாக இருந்தால் தொட்டிருப்பேன். அதையே எழுதவும் எழுதினேன்: "அம்மா தண்ணீர் பிடிக்கப் போன சமயம் பார்த்து வினோதினி மெல்ல—"

மாட்டேன் என்கிறாள். காரணம் இருக்கிறது. அன்று காலைதான் இன்ஸ்டிடியூட் கதவில் அவளே டைப் அடித்து ஒட்டிவிட்டு வந்திருந்தாள்: நாளை மறுபூஜை முடியும்வரை எவரும் இயந்திரங்களைத் தொடக் கூடாது. கீழே அவள் கையெழுத்து.

ஆக, அன்று முழுவதும் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து பொரிகடலை தின்றாள். கண்ணை மூடிக்கொண்டு காற்றில் குமிழ்களைத் திருகிப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில் நாலாவது, கால் வாசியா, அரை வாசியா? நேற்றுவரை விரலுக்குத் தெரிந்திருந்தது. இப்போது விரலும் சந்தனத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

மதியம் சாப்பிடும்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். தங்கம்மாள் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார்.

"அப்ப அந்த சத்தம்?"

"போச்சு."

"பொட்டிக்குள்ளதான இருக்கும்? எங்க போவும்?"

"பொட்டிக்குள்ள ஒன்னும் இல்லம்மா. திருகாணி நின்ன இடத்துலதான் இருந்துச்சு."

"ஐயோ, நானே தொடச்சி போட்டுட்டனாடி," என்று தங்கம்மாள் அழுதார். வினோதினிக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் முப்பத்தொரு பொட்டையும் ஒன்று தவறாமல், ஒரே அளவில், பொறுமையாக வைத்த கையைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. அம்மா இன்னும் ஜாஸ்தியாக அழுதார்.

5

மறுநாள் விடிந்ததும் மறுபூஜை. கற்பூரம் அணைவதற்குள் வினோதினி பிளக்கைச் செருகிவிட்டாள். சாயங்காலம் நாலு மணிக்கு வேன் வரும்.

பொட்டு கலையாமல் ஒவ்வொரு குமிழாகப் பக்கவாட்டில் பிடித்துத் திருகினாள். தங்கம்மாள் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்துகொண்டார். அந்தப் பெட்டியின் குமிழ்கள் எதற்கென்று அவருக்குத் தெரியாது. ஆனால் ஐந்து மாதமும் அந்தச் சத்தத்தோடு குழம்பு வைத்தவர்.

"இது?"

"இல்லடி. இது ஆடு."

"இது?"

"குக்கர்."

"இது?"

"இது நம்ம பச்சையம்மாள் ஊட்டு கதவு. எண்ண போட்டா நல்லாருக்கும்."

பத்து மணிக்கு ஒரு சத்தம் கிட்டத்தட்ட வந்தது. தங்கம்மாள் பாதி எழுந்துவிட்டார். அதற்குள் வெயில் ஏறிப் பெட்டி சூடாகி, சுருதி நழுவி, அது எருமையாக முடிந்தது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு வினோதினி அழுதாள். பிறகு மறுபடியும் திருகினாள்.

[முப்பத்தொரு குமிழ், ஒவ்வொன்றுக்கும் பத்தே நிலை என்று வைத்தாலும், மொத்தம் எத்தனை விதம் என்று எழுத உட்கார்ந்தேன். ஒன்றுக்குப் பின்னால் முப்பத்தொரு சைபர். பக்கம் வீணாகிறது என்று நிறுத்திக்கொண்டேன்.]

நாலு மணிக்கு வேன் வந்தது. சத்தம் வரவில்லை.

6

இங்கே எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டது. சக்கரபாணிக்கு மீசையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பயனில்லை. வேனிலிருந்து இறங்கிய மனிதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வினோதினியின் பெட்டியைத் தானே தோளில் தூக்கிவந்து, ஆடாமல் இருக்கத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர்வரை வந்தார். "பொட்டு அழிஞ்சிடப் போவுது, ஓரமா ஒக்காருங்கப்பா," என்று எல்லோரையும் அதட்டினார். சரி, கோபியையாவது கெட்டவனாக்கலாம் என்றால், அவன் வழி நெடுக, "அக்கா, உங்க சத்தத்த கேக்கத்தான் நானே வந்தேன்," என்கிறான். இப்படிப்பட்ட ஆட்களை வைத்துக்கொண்டு யாரால் கதை எழுத முடியும்?

ஆறு மணிக்குக் கச்சேரி. முதலில் கோபி. புல்லாங்குழல், வயலின், கோயில் மணி என்று எண்களை அழுத்தி அழுத்தி வாசித்தான். நன்றாகவே வாசித்தான். கூட்டம் கை தட்டியது. உற்சாகத்தில் ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டான். எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். அடுத்து துப்பாக்கியை வெடித்து முடிக்கலாம் என்று நூற்று இருபத்தெட்டை அழுத்தப் போனவன், பதற்றத்தில் நூற்று இருபத்தேழை அழுத்திவிட்டான்.

அந்த எண்ணில் இருந்தது கைதட்டல்.

நான்கு ஸ்பீக்கரிலும் ஆயிரம் பேர் கை தட்டினார்கள். கூட்டமும் தட்டியது. எது ஜனம், எது ஜப்பான் என்று சக்கரபாணிக்குப் பிரிக்கத் தெரியவில்லை. "டேய், இத கணக்குல சேக்கறதா வாணாமாடா?" என்றார் கோபியிடம். அது மைக்கில் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

பிறகு வினோதினி.

மேடைக்கு முன்னால் தங்கம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தார், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. வினோதினி அவரைப் பார்த்தாள். காலையிலிருந்து தேடியது ஒன்றும் உதவாது என்று தெரிந்தது. எல்லாக் குமிழ்களையும் ஒவ்வொன்றாக நேராக நிமிர்த்தினாள், அம்மா வைத்த மாதிரியே. சத்தியமாக இதை நான் யோசித்து வைக்கவில்லை. வைத்திருந்தால் அவளை வேண்டாம் என்று தடுத்திருப்பேன்.

கட்டையை அழுத்தினாள். பாம் என்று மொட்டையாக ஒரு சத்தம். நாலு பேர் சிரித்தார்கள். விரலை எடுக்காமல், இன்னொரு கையால் முதல் குமிழைத் திருகினாள்.

"ஆடு!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

திருகினாள்.

"ஏய், அது நம்ம தருமன் கொல்லைல ஓடுற மோட்டாரு!"

"போடா, அது கடல மிஷினு. கொட்ட உரிக்கறப்போ இப்டித்தான் வரும்."

"இது செஞ்சி பஸ்ஸு, ரெண்டாவது கியர்ல ஏறுது!"

தேடுவதை அவள் மறைக்கவே இல்லை. எல்லோர் முன்னாலும் தேடினாள். ஒவ்வொரு குமிழுக்கும் ஒரு சத்தம் பிறந்து, அடுத்ததற்குள் கரைந்தது. பேர் சொல்லிக் கத்தியவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கினார்கள். இப்போது வருவதற்கு அவர்களிடம் பேர் இல்லை. கடலைப் பொட்டலத்தில் விட்ட கை அப்படியே நின்றது. ஐந்து மாதம் தேடி வைத்த சத்தம் இது இல்லை. வினோதினிக்கு அது தெரிந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது.

இரண்டு நிமிடம் தாண்டி ஒன்பது நிமிடம் ஆகிவிட்டது. ஒருவர்கூடக் கை தட்டவில்லை.

7

விதிப்படி பார்த்தால் தோல்வி. சக்கரபாணி மைக்கை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். அவர் சொல்வதற்கு மூன்று வாக்கியம் வைத்திருந்தேன்.

(அ) "மன்னிச்சிடும்மா, சொன்னா சொன்னதுதான்." கொடுமையாக இருக்கிறது.

(ஆ) "ரெண்டு பொட்டியும் இருக்கட்டும், ஸ்டேஜ பெருசாக்கிக்கலாம்." முதுகெலும்பு இல்லை.

(இ) அவர் வாயைத் திறக்கும்போது கரண்ட் போகிறது. வாசகர்கள் என்னை அடிப்பார்கள்.

எதை எடுப்பது என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது, வினோதினி திரும்பிப் பார்த்தாள். அவள் பார்த்தது சக்கரபாணியையா, என்னையா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

"கொஞ்சம் இருங்க. நான் இன்னும் முடிக்கல."

நியாயம்தான். முடிந்தால்தானே தட்டுவார்கள்? பாதியில் தட்டக் கூடாது என்றுதான் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன். பிடிக்காமல்கூட இருக்கலாம். அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை, சத்தியமாகத் தெரியாது. சக்கரபாணி மைக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். கோபி நூற்று இருபத்தேழின் பக்கமே கையைக் கொண்டுபோகாமல், இரண்டு கையையும் அக்குளில் வைத்துக்கொண்டு நிற்கிறான். வினோதினி கடைசிக் குமிழைத் தொடுகிறாள்.

தீர்ப்பு கைதட்டலில் இருக்கிறது. என் இரண்டு கையிலும் பேனாவும் தாளும். மிச்சம் இருப்பது உங்கள் கைகள்தான். தட்டுவதா வேண்டாமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். தட்டுவதாக இருந்தால், முதலில் இந்தக் கதையைக் கீழே வைக்க வேண்டியிருக்கும்.