ஒன்பதாவது கேரவன்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ரொட்டி மேல் ஆணை, உப்பு மேல் ஆணை, இதற்கெல்லாம் மசியாதவர்களுக்காக அட்லாண்டிக் கடல் மேலும் ஆணை. சந்தேகம் தீராதவர்கள் மொராக்கோவில் மீர்லெஃப்த் ஊருக்குத் தெற்கே போய்க் கடலையே விசாரித்துக்கொள்ளலாம். அது எங்கும் போய்விடவில்லை.

அந்த ஜனவரியில் அங்கே கரையோர முகாமில் நாற்பத்துமூன்று கேரவன்கள் வரிசையாக நின்றன. நாற்பத்துமூன்றும் வெள்ளை, நாற்பத்துமூன்றும் முகத்தைக் கடல் பக்கம் வைத்திருந்தன. எதற்குள் ஏறினாலும் வலது பக்கம் அடுப்பு, இடது பக்கம் கழிவறை, நடுவில் மேசை, பின்னால் ஒரு கட்டில், ஓட்டுநர் தலைக்கு மேலே இறக்கி ஏற்றுகிற இன்னொரு கட்டில். எதற்குள் ஏறினாலும் ஓய்வுபெற்ற ஒரு கணவர், ஓய்வுபெற்ற ஒரு மனைவி. பெரும்பாலும் பிரான்சிலிருந்து குளிருக்குத் தப்பி வந்தவர்கள்.

வலது கோடியிலிருந்து எண்ணினால் ஒன்பதாவது வண்டி ரொனானுடையது. அறுபத்தொன்பது வயது. பிரான்சின் மேற்கே பிரித்தானிக் கரையில் மத்தி மீனை டப்பாவில் அடைக்கிற ஆலையில் முப்பத்தேழு வருடம் மூடி பார்க்கிற வேலை. மூடி சரியாக இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மூடிகள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு, வேலைக்குப் போகவில்லை என்பது அவருக்கு உறைக்கவே நான்கு மாதம் ஆயிற்று.

மனைவி மரிவோன் தபால் நிலையத்தில் இருந்தவர். இருவரும் கேரவனோடு மொராக்கோவுக்கு வருவது இது ஆறாவது குளிர்காலம். முதல் வருடம் கடலைப் பார்த்து "அடேயப்பா" என்றார்கள். இரண்டாம் வருடம் "கடல்" என்றார்கள். மூன்றாம் வருடத்திலிருந்து அதையும் சொல்வதில்லை. பேச்சு இருந்தது, அளவாக.

"தண்ணி?"

"முக்கால்."

"கேஸ்?"

"பாதி."

"பேட்டரி?"

"ஃபுல்."

அவ்வளவுதான். சண்டை ஒன்றும் இல்லை. சண்டைக்கு முதலில் எதிராளியின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஒரு காலையில் மூடுபனி. நீட்டிய கையை யாரோ வெட்டிக்கொண்டு போய்விட்டது போலிருக்கும், அப்படிப்பட்ட பனி. ரொனான் வண்டியின் பக்கவாட்டுச் சின்னக் கதவைத் திறந்து, கழிவு சேர்கிற கழிவறைப் பெட்டியை வெளியே இழுத்து, சக்கரத்தில் உருட்டிக்கொண்டு கொட்டுகிற குழிக்குக் கிளம்பினார். கேரவன் பயணத்தின் அழகை எழுதுகிறவர்கள் இந்தப் பெட்டியைப் பற்றி எழுதுவதில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை ஆண்கள் எல்லோரும் விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் போல இதை உருட்டிக்கொண்டு போவார்கள்.

வழியில் முகாமின் காவலாளி பெலைத் எதிர்ப்பட்டான். வயதானவர்கள் எல்லோரும் அவனுக்கு ஹாஜிதான்.

"ஹாஜி, உங்க வண்டியில ஒரு சிவப்புத் துணியாவது கட்டி வைங்க. போன வாரம் இதே பனியில ஒரு பெல்ஜியக்காரர் அடுத்தவர் வண்டிக்குள்ள போய்க் குளிச்சு, சவரம் பண்ணி, குறை வேற சொல்லிட்டுப் போயிருக்கார்."

"என்ன குறை?"

"சோப்பு சரியில்லையாம்."

குழியடியில் இன்னொரு மனிதர் தன் பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். பத்தாவது வண்டிக்காரர், லூசியான். "பனி," என்றார் லூசியான். "ஆமா," என்றார் ரொனான். மூன்று வாரமாகப் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இருவரும் பேசிக்கொண்டதில் அதுதான் நீளமானது.

திரும்பும்போது ரொனான் வலது கோடியிலிருந்து ஒன்பது எண்ணினார். எட்டாவது வண்டி விடியுமுன்பே கிளம்பிப் போயிருந்தது. அது அவருக்குத் தெரியாது. ஒன்பதாவதாக நின்ற வண்டியின் பக்கவாட்டுச் சின்னக் கதவு திறந்திருந்தது. பெட்டியைச் சொருகினார். கச்சிதமாக உட்கார்ந்தது. லூசியான் எண்ணுகிற ஜாதி இல்லை. எந்த வண்டி பெட்டியில்லாமல் வாயைத் திறந்துகொண்டு நின்றதோ அதில் தன்னுடையதைச் சொருகினார். அதுவும் கச்சிதமாக உட்கார்ந்தது.

ரொனான் உள்ளே ஏறினார். அடுப்பின் முன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற பெண் காபியை மேசையில் வைத்தார். "கிளம்பலாமா?"

"கிளம்பலாம்."

"தண்ணி?"

"முக்கால்."

சாவி வண்டியிலேயே இருந்தது. அந்த முகாமிலிருந்து கிளம்புகிறவர்கள் எல்லோரும் தெற்கேதான் போவார்கள். ரொனானும் தெற்கே போனார். மெத்தை உறை நீலமாக இருந்தது. மரிவோன் துவைத்து மாற்றியிருப்பாள் என்று நினைத்தார். காபியில் சர்க்கரை இருந்தது. மறந்திருப்பாள் என்று நினைத்தார். ஓட்டுகிறவரும் பக்கத்தில் இருப்பவரும் சாலையைத்தான் பார்ப்பார்கள். சிதி இஃப்னி வந்தது, போனது. பனி கலைந்து வெயில் அடித்தது. உள்ளே யாரும் எதையும் கவனிக்கவில்லை.

கெல்மிம் தாண்டி மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தியபோதுதான் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வெங்காயத்தாள் போலிருக்கும் லீக்ஸ் போட்ட சூப். நான்காவது கரண்டியில் அந்தப் பெண் நிமிர்ந்தார்.

"நீ லூசியான் இல்லையே."

"இல்ல."

"அதானே பார்த்தேன். இவ்வளவு தூரம் வந்தாச்சு, ஒரு தடவைகூட மூக்கு சிந்தலியேன்னு."

"நான் ரொனான். ஒன்பதாம் வண்டி."

"கொலெத். பத்து."

ரொனான் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இப்ப என்ன பண்றது?" என்றார் ரொனான்.

"முதல்ல சூப்பக் குடி. ஆறிடும்."

குடித்தார்கள். ரொனானின் போன் அவர் வண்டியில் சார்ஜில் கிடந்தது. கொலெத்தின் போன் இங்கே மேசை மேல் இருந்தது. கொலெத் அதைத் துடைத்து நடுவில் நிமிர்த்தி வைத்தார்.

"கூப்பிடுவாங்க. ஆளக் காணோம்னா யாரா இருந்தாலும் கூப்பிடுவாங்க."

"நாமளே கூப்பிட்டுச் சொல்லிடலாமே?"

"சொல்லலாம். சொல்லிட்டா, அவங்களா கவனிச்சாங்களாங்கிறது செத்தாலும் நமக்குத் தெரியாது. உனக்குத் தெரிய வேண்டாமா?"

ரொனான் யோசித்தார். தெரிய வேண்டும். அவருக்கு உலகத்தில் தெரிய வேண்டியிருந்தது இப்போது அது ஒன்றுதான்: தான் இல்லாதது மரிவோனுக்குத் தெரிகிறதா? பதில் 'இல்லை' என்றால் என்ன ஆகும் என்று உள்ளே தேடிப் பார்த்தார். பயம் இருக்க வேண்டிய இடம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல இருந்தது. துக்கம் இருக்க வேண்டிய இடமும் அப்படியே. எல்லாம் சரியாக மூடியிருந்தது.

"காத்திருக்கலாம்," என்றார்.

தான்-தான் ஊருக்கு முன்னால் போலீஸ் சோதனைச் சாவடி. அந்தப் பக்கம் போகிறவர்கள் பெயர், பாஸ்போர்ட் எண், தொழில் எல்லாவற்றையும் அச்சடித்து முப்பது நகல் வைத்திருப்பார்கள். சாவடிக்கு ஒன்று கொடுத்துவிட்டுப் போகலாம். கொலெத் தங்கள் நகல்களில் ஒன்றை உருவி ரொனானிடம் கொடுத்தார். ரொனான் அதிகாரியிடம் நீட்டினார். அதிகாரி காகிதத்தைப் படித்தார். ரொனானைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார்.

"வண்டியை ஓரங்கட்டுங்க."

கட்டினார். அதிகாரி ஜன்னல் பக்கம் வந்து, தொப்பியைக் கழற்றி, வாயைத் திறந்தார். லூசியான் பல் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"டாக்டர், வலது பக்கம், கடைசிக்கு முந்தினது. மூணு நாளாத் தூக்கமில்ல. கொஞ்சம் பாருங்களேன்."

ரொனான் பார்த்தார். பல்லைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் பல்லுக்கு உலோகத்தில் ஒரு மூடி போட்டிருந்தது. மூடியின் இடது ஓரத்தில் மயிரிழை அளவு தூக்கல். அதைப் பார்த்ததும் முப்பத்தேழு வருடம் அவருக்குள் எழுந்து நின்றது.

"மூடி சரியா உட்காரல," என்றார். "இடது ஓரம். உள்ள காத்துப் போகுது. கழற்றித் திரும்ப அடிக்கச் சொல்லுங்க."

அதிகாரி நாக்கால் தடவிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "நாலு டாக்டர்கிட்டப் போனேன். ஒருத்தனும் இதச் சொல்லல." அரைக்கூடை ஆரஞ்சுப் பழம் வண்டிக்குள் ஏறியது.

"லூசியானே இவ்வளவு நல்லாப் பார்க்க மாட்டான்," என்றார் கொலெத், கொஞ்ச தூரம் போனதும்.

தான்-தானைத் தாண்டிக் கடலோரப் பாறை மேட்டில் நிறுத்தினார்கள். கீழே அலை அடிக்கும்போது வண்டியின் அலமாரியில் தட்டுகள் லேசாகக் கிணுகிணுத்தன. பின்கட்டிலில் கொலெத், மேல்கட்டிலில் ரொனான். அவர் வண்டியிலும் அதே ஏற்பாடுதான். குறட்டை காரணமாக ஆறு குளிர்காலமாக மேல்கட்டில் அவருடையது. காலையில் தூண்டில்காரர்கள் பாறையிலிருந்து ஏறிவந்து மீன் கொடுத்தார்கள். மீன் வறுத்தார்கள். ஆரஞ்சு உரித்தார்கள். போனைப் பார்த்தார்கள்.

முதல் நாள் கொலெத் சொன்னார்: "அவன் இன்னும் தூங்கி எழுந்திருக்க மாட்டான்."

இரண்டாம் நாள்: "சிக்னல் இருக்காது."

மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை. சிக்னல் ஐந்து கோடும் முழுசாக நின்றது.

நான்காம் நாள் ரொனான் கேட்டார்: "உங்க ரெண்டு பேருக்கும் கல்யாணமாகி எவ்வளவு வருஷம்?"

"நாற்பத்து நாலு. உனக்கு?"

"நாற்பத்து மூணு."

"அப்ப நீ சின்னப் பையன்," என்றார் கொலெத். இருவரும் சிரிக்க வேண்டிய இடம் அது. இருவருக்கும் அது தெரிந்தது. ஆரஞ்சு உரித்தார்கள்.

ஐந்தாம் நாள் முற்பகல் போன் அடித்தது. கொலெத் கையைத் துடைத்துக்கொண்டு, ரொனானும் கேட்கும்படி சத்தத்தைத் திறந்துவிட்டார்.

"கொலெத்தா?" லூசியானின் குரல். "கேஸ் மாத்துற ஸ்பானர் எங்க வச்சிருக்க?"

கொலெத் ரொனானைப் பார்த்தார். "வலது பக்கப் பெட்டியில. துணிக்கு அடியில."

"ம்." பெட்டி திறக்கும் சத்தம். "கிடைச்சிருச்சு."

அப்போது தூரத்தில் இன்னொரு குரல், "யாரு போன்ல?" என்றது. மரிவோன்.

"யாருமில்ல. ஸ்பானர் விஷயம்," என்றார் லூசியான். வைத்துவிட்டார்.

கொலெத் போனைக் கவிழ்த்து வைத்தார். "அது உன் வண்டிதானே? அங்க எப்படி அதே இடத்துல இருக்கும்?"

"நானும் அங்கதான் வைப்பேன். துணிக்கு அடியில."

வெளியே ஒரு தூண்டில்காரர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். ரொனான் எழுந்து படிக்கட்டை மடக்கினார், அலமாரிகளைத் தாழிட்டார், கேஸை அடைத்தார். கிளம்புமுன் செய்கிற எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தார்.

"எங்க?" என்றார் கொலெத்.

"கேக்கணும்."

"என்னன்னு?"

"போனதும் தெரியும்."

வடக்கே வண்டி ஓட்டியது அவருக்கு அந்தக் குளிர்காலத்தில் அதுதான் முதல்முறை. கடல் இடது பக்கம் வந்துவிட்டது. சாவடியில் அதே அதிகாரி, ஒரு பக்கக் கன்னம் வீங்கி, ராஜ மரியாதையோடு கையசைத்தார். அந்தி சாய்வதற்குள் முகாம் வந்துவிட்டது. வாசலில் பெலைத்.

"வாங்க ஹாஜி. அஞ்சு நாளா இந்த வண்டியோட இடத்தக் காலியா வச்சிருக்கேன்."

"நாங்க மாறிப் போனது உனக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும். பெரியவங்களாச்சே, உங்க ஊர்ப் பழக்கம் எப்படியோன்னு விட்டுட்டேன்."

லூசியான் கடற்கரையில் இரும்புக் குண்டு உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார். தன் வண்டியைக் கண்டதும் வந்து, ரொனானுக்குத் தலையசைத்துவிட்டு, ஏறினார். உள்ளேயிருந்து மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்டது. அதற்குப் பின் கொலெத்தின் குரல், ரொம்ப உரக்க, ரொம்ப நேரம். முகாமில் அவ்வளவு நீளமான பேச்சை யாரும் கேட்டதில்லை. நாலைந்து வண்டிகளின் ஜன்னல்கள் திறந்தன.

மரிவோன் வண்டி வாசலில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். ரொனான் எதிரே போய் நின்றார். மனைவியின் இடது புருவத்தில் ஒரு சின்ன வெட்டுத் தழும்பு. எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நான் இல்லைங்கிறது உனக்கு எப்பத் தெரிஞ்சது?"

மரிவோன் கத்தியை நிறுத்தவில்லை. "கதவு சாத்துன சத்தத்துலயே. நீ ரெண்டு தடவை இழுத்துச் சாத்துவ. அந்த ஆள் ஒரே தடவையில சாத்தினான்."

"அப்ப அந்த நிமிஷமேவா?"

"அந்த நிமிஷமே. எட்டிப் பார்த்தேன். பனிக்குள்ள பக்கத்து வண்டி நம்ம ஜன்னலை உரசுற மாதிரிப் போகுது, ஓட்டுறது நீ."

"கத்தியிருக்கலாமே?"

"கத்தலாம்னு வாயத் திறந்தேன்." ஒரு கிழங்கைத் தண்ணீரில் போட்டார். "நீ திரும்பிப் பார்க்காமப் போனியா. வேணும்னுதான் போறபோலன்னு மூடிட்டேன்."

ரொனான் நின்றுகொண்டே இருந்தார். அவர் கேட்க வந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கிடைத்தால் என்ன செய்வது என்று அவர் யோசித்திருக்கவில்லை.

"அஞ்சு நாளும் மூணு பேருக்குத்தான் சமைச்சேன்," என்றார் மரிவோன். "அந்த மனுஷன் ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுவான். ஒண்ணும் வீணாகல."

ரொனான் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து விரித்தார். வழக்கம்போலக் கடலைப் பார்த்துப் போடாமல், மரிவோனைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு கிழங்கை எடுத்தார். ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்த காலை நீட்டியதும் குறுகுறுவென்று ஏறுமே, அப்படி ஏதோ ஒன்று நெஞ்சில் ஏறப்பார்த்தது. இனிமையாக ஒன்றும் இல்லை. வலித்தது.

"புருவத்துல என்ன காயம்?" என்றார்.

மரிவோன் முதல்முறையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

கடலை விசாரித்தவர்களிடம் அது சொன்னது வேறு: அந்த முகாமுக்கு அந்தக் குளிர்காலம் முழுவதும் வந்து தங்கியது ஒரே ஒரு கேரவன்தான்.