நாற்பதாவது பெயர்

ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில், தக்காளி கிலோ அறுபது ரூபாய்க்கு விற்ற வாரத்தின் சனிக்கிழமை மாலை ஐந்தேகாலுக்கு, இராணுவச் சிறைகளில் அடைபட்டிருந்த முப்பத்தொன்பது பாலஸ்தீனப் பிள்ளைகள் வருகைப் பதிவுக்குப் பதில் சொன்னார்கள். கூப்பிட்டவள் நஃபீசா, பம்மலில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். அந்தப் பிள்ளைகளை விடுவிக்கச் சொல்லி ஏழெட்டுப் பேரோடு அங்கே நிற்க அவள் அனுமதி கேட்டிருந்தாள். மைக் கூடாது, கோஷம் கூடாது என்று எழுதிக் கொடுத்தார் இன்ஸ்பெக்டர் சுந்தரராமன். கோஷமும் இல்லையென்றால் வாயை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது? நாற்பது பெயர்களை ஒரு பதிவேட்டில் எழுதி எடுத்துவந்து, வகுப்பில் கூப்பிடும் அதே ராகத்தில் கூப்பிட்டாள். ஒவ்வொரு பெயருக்கும் காற்றிலிருந்து, சுத்தமான தமிழில், "உள்ளேன் டீச்சர்" என்று வந்தது. கடைசிப் பெயரான லைத்துக்கு மட்டும் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்து காதுகொடுத்துக் கேட்டார். இது கோஷத்தில் சேராது என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் மாதம் சனிக்கிழமைதோறும் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது, ஷேர் ஆட்டோக்கள் நின்று கேட்டுவிட்டுப் போயின. பிறகு எல்லோருக்கும் பழகிவிட்டது. டீக்கடை முனிரத்தினத்துக்கு மட்டும் ஒரு குறை. "இன்னாக்கா, அந்த ஒரு புள்ள மட்டும் வாயே தொறக்க மாட்டேங்குது? பயந்துகினு கீதா?"

"தெரியலண்ணா. பதினாலு வயசு. என்ன தப்புன்னே சொல்லாம புடிச்சிட்டுப் போயிருக்காங்க."

இரண்டு வருடங்கள் போயின. சில பையன்களுக்குக் குரல் உடைந்தது. சிலர் விடுதலையாகி, பதில் சொல்வதை நிறுத்தினார்கள். அவளோடு நிற்பவர்களில், வெளிநாடுகளோடு தோல் கையுறை வியாபாரம் செய்த உமருக்கு அந்தச் செய்தி போனில் வரும், நஃபீசா 'வீடு திரும்பினான்' என்று எழுதிக்கொள்வாள். லைத்தைப் பற்றி நல்லதும் வரவில்லை, கெட்டதும் வரவில்லை. வாராவாரம் அவன் பெயரை மட்டும் மூன்று முறை கூப்பிட்டுக் காத்திருப்பாள். வரவில்லை என்று குறிக்க மனம் வராமல் அவன் கட்டங்களைக் காலியாகவே விட்டாள். உயிரோடு இருக்கிறானா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. கேட்டேயிராத ஒரு குரலுக்காக அவள் ஏங்கினாள். பெற்ற பிள்ளைக்கு ஏங்குவதுபோல என்று சொல்ல முடியாது. அவள் பெற்ற இரண்டும் சத்தம் போட்டே வளர்ந்தவை, ஏங்க விட்டதே இல்லை.

மூன்றாம் வருட மழையில் நஃபீசாவுக்குச் சிக்குன்குனியா வந்து முட்டிகள் மடங்க மறுத்தன. அந்தச் சனிக்கிழமை ஜங்ஷனில் முழங்கால் தண்ணீர், யாரும் நிற்கவில்லை. ஐந்தேகாலுக்குப் பம்மல் வீட்டில் அவள் படுத்திருந்த அறையில் ஒரு குரல் பெயர் கூப்பிடத் தொடங்கியது. அவளுடைய அதே ராகம். உமர், முனிரத்தினம் என்று ஜங்ஷனில் நிற்பவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. முப்பத்தொன்பது குரலும் அவளுக்கு அத்துப்படி, இது அதில் இல்லை. உடைந்துகொண்டிருந்த குரல், கொஞ்சம் சளி கட்டியிருந்தது. கடைசியாக, "நஃபீசா டீச்சர்" என்றது.

அவள் முழங்கையை ஊன்றி எழுந்து உட்காரப் பார்த்தாள். அது இரண்டாம் முறை கூப்பிட்டது. மூன்றாம் முறையும் கூப்பிட்டது.

"இருக்கேன்பா, இருக்கேன்" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

கஞ்சி கொண்டுவந்த கணவர் யாசீன், யார் என்று கேட்டார். லைத் என்றாள். மழையிலா என்றார் அவர். பதிவேட்டை எடுத்துத் தரச் சொல்லி, அவனுடைய அன்றைய கட்டத்தில் வருகையைக் குறித்து, ஓரத்தில் 'தாமதம்' என்று எழுதினாள். பையன் இன்னும் சிறையில்தான் இருந்தான். அதனால் அடுத்த சனிக்கிழமை, மடங்காத முட்டியோடு, பஸ் ஏறி ஜங்ஷனுக்குப் போனாள்.