பத்து லட்சத்து ஒன்று

1

இந்தக் கதைக்கு மூலகாரணம் என் சோம்பேறித்தனம். கணக்கு வாத்தியார் ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். அவருக்கு ஒரு பெரிய பகா எண் தேவைப்பட்டது. ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண். தேடிக் கண்டுபிடிக்க உடம்பு வணங்கவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அக்காவைக் கேட்டேன். அக்கா கல்லூரியில் கணக்குப் பேராசிரியை. தலைக்குள் கட்டி.

"ஏழு இலக்கத்துல ஏதாவது சொல்லேன்."

கண்ணை மூடித் திறந்தாள். "பத்து லட்சத்து ஒண்ணு. முன்னாலேர்ந்து படிச்சாலும் பின்னாலேர்ந்து படிச்சாலும் அதேதான். உன் கதைக்கு ஜோரா இருக்கும்."

2

வாத்தியார் பூட்டிய வகுப்பறையில் தனியாக

(வேண்டாம், அவர் போகட்டும். நல்ல மனிதர்தான்.)

வீட்டுக்கு வந்து வகுத்துப் பார்த்தேன். 1000001 பகா எண் இல்லை. 101-ஐ 9901-ஆல் பெருக்கினால் அதுதான் வருகிறது. யாருக்கும் தவறும் என்பீர்கள். அக்காவுக்குத் தவறாது. நூற்றின் கனத்தோடு ஒன்றின் கனத்தைக் கூட்டினால் இந்த எண். அது நூறும் ஒன்றும் சேர்ந்த நூற்றொன்றால் வகுபட்டே தீரும். பரீட்சைக்கு முன்னால் என் தலையில் குட்டி அந்தச் சூத்திரத்தை ஏற்றியவளே அவள்தான்.

3

ஆபரேஷன் செய்தால் பேச்சு போகலாம். செய்யாவிட்டால் முதலில் புத்தி, பிறகு உயிர். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"கணக்கு ஒழுங்கா வர்ற வரைக்கும் கத்தி வேண்டாம். தப்பா வந்தா நீயே டாக்டர்கிட்ட சொல்லிடு. உன்னத்தான்டி நம்பறேன்."

தினமும் டாக்டர் என்னைக் கேட்பார். நானும் "நல்லா இருக்காங்க" என்பேன்.

4

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறேன். அக்கா பிழைக்கிறாள். பேச்சில்லாமல் அவள் என்னைப் பார்க்கிற

முடிவு இரண்டு: சொல்லவில்லை. ஒருநாள் அவளுக்கு என்னையே

இரண்டையும் எழுத முடியவில்லை, அழுதுவிட்டேன். ஆனால் எழுதுகிறவர்களுக்கு ஒரு திருட்டு வழி உண்டு. 1000003 நிஜமாகவே பகா எண். பிரதியில் "ஒண்ணு" என்பதை அடித்து "மூணு" என்று போட்டேன். முன்னால் பின்னால் என்று அவள் சொன்னதையும் வெட்டினேன். (மேலே நீங்கள் படித்தது பழைய பிரதி.) கதைக்குள்ளாவது அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அல்பமாகச் சந்தோஷப்பட்டேன்.

5

இன்று காலை அக்கா விடவில்லை. "அந்தக் கதை என்னாச்சு? படி, கேக்கலாம்."

முதல் பகுதியை மட்டும் படித்தேன். எண் வந்ததும் கை காட்டி நிறுத்தினாள்.

"நான் ஒண்ணுன்னுதானே சொன்னேன்? எதுக்கு மாத்தின?"

அந்த நேரம் பார்த்து டாக்டர் உள்ளே வந்தார். "எப்படி இருக்காங்க?"

அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்தபடி முணுமுணுக்க ஆரம்பித்தாள். "மூணு, போகல. ஏழு, போகல. பதினொண்ணு..."

நூற்றொன்றுக்கு இன்னும் தூரம் இருக்கிறது. போய்ச் சேர்வாளா, வழியில் விட்டுவிடுவாளா, எனக்குத் தெரியாது. அதற்குள் டாக்டருக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள்.