நாற்பது நாள் பேசிய துணிக்கொடி

துணிக்கொடியில் காயப்போட்ட சட்டைகள் கைகளைத் தூக்கி வானத்தைப் பார்த்து விறைத்து நின்ற அன்று மொட்டைமாடியில் இருந்தவர்கள் நான்கு பேர்: வேற்றுலகத்தாரின் ரேடியோ அழைப்புக்காக இருபத்திரண்டு வருடம் காத்திருந்த, ரேடியோ தொலைநோக்கி நிலையத்துப் பொறியாளர், அவர் மனைவி, மனைவியின் அண்ணன், தண்ணீர்த் தொட்டி பார்க்க வந்த பிளம்பர். கொடிக்கம்பி ஒரே சுருதியில் பதினோரு நிமிடம் ரீங்கரித்தது. "சார், குழாய்ல காத்து பூந்திருக்கும்" என்றார் பிளம்பர். மறுநாள் நான்கு நிமிடம் முன்னதாக ரீங்கரித்தது, அதற்கு மறுநாள் இன்னும் நான்கு நிமிடம். பூமியில் எந்த இயந்திரமும் அப்படி முந்துவதில்லை. நட்சத்திரங்கள்தான் தினமும் நான்கு நிமிடம் முந்தி உதிக்கும். பொறியாளர் தினமும் நேரத்தைக் குறித்து வைத்தார்.

"மாப்பிள்ளை, நிலையத்துல மைதானம் அளவுக்குத் தட்டு ஆன்டெனா வச்சிருக்கீங்க. அதுக்குக் கேக்காதது என் தங்கச்சி கொடிக்கம்பிக்குக் கேக்குது!" என்று மச்சான் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. "அவ்வளவு தூரத்துலேர்ந்து கூப்பிடுறாங்க. பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள். "போய்ச் சேரவே தொண்ணூறு வருஷம் ஆகும்" என்றார் பொறியாளர். "அதுக்காக வாய மூடிக்கிட்டு இருக்கறதா?"

பொறியாளர் நிலையத்துத் தட்டை, கம்பி ரீங்கரிக்கும் நேரத்தில் தலைக்கு மேல் வரும் நட்சத்திரத்துக்குத் திருப்பினார். ஒன்றுமில்லை. ஒரு கருவி கேட்டதை இன்னொரு கருவியும் கேட்டாக வேண்டும், இல்லாவிட்டால் அது பூமியின் மின்கருவிகள் செய்த குறுக்கீடு என்பது நிலையத்து விதி. பழைய பதிவேடுகளைப் புரட்டினால், பதினோரு வருடத்தில் ஏழு முறை அதே நட்சத்திரத்திலிருந்து அதே சுருதி வந்திருந்தது. ஏழுக்கும் எதிரில் "குறுக்கீடு, நீக்குக" என்று அவருடைய கையெழுத்து. கடைசியாக எழுதியது, கம்பி பேசத் தொடங்கியதற்கு முந்தின நாள்.

கம்பி பேசுகிறது என்றால் பொய் என்பார்கள்; தலைமுறைகளாகப் பொய் பேசாத குடும்பம் என்ற பெயர் தன்னோடு அழிந்துவிடக் கூடாது என்று, நிலையத்து இயக்குநரைக் கெஞ்சி அழைத்து வந்தார். நாற்பத்தோராம் நாள் நிலையத்து ஆட்கள் ஐந்து பேர் கருவிகளோடு மாடியில் நின்றார்கள். சட்டைகள் சும்மா தொங்கிச் சொட்டின. "வீட்ல மிக்ஸி ஓடியிருக்கும் சார்" என்றார் இயக்குநர், மரியாதையாகத்தான். அதன்பின் கம்பி பேசவேயில்லை. முதல் நாள் விறைத்த சட்டைகள் இன்றுவரை மடிவதில்லை. அவற்றுக்காக பீரோவில் நடுத்தட்டைக் கழற்றிவிட்டார்கள்.

மறுநாள் காலை பொறியாளர் நாற்பது நாட்களையும் பதிவேட்டில் ஏற்றினார். எதிரே "குறுக்கீடு, நீக்குக" என்று எழுதிக் கையெழுத்திட்டார். இயக்குநர் மிரட்டி வாங்கிய கையெழுத்து அது என்று தெருவில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். தவறு. யாரும் மிரட்டவில்லை. அந்த நிலையத்து விதியை எழுதியவரே பொறியாளர்தான்.