அரசாங்கத்தோடு ஒரு பேரம்

மனிதக் குரல் ஒன்றின் விலை மூன்று நிமிஷத்துக்கு முப்பது சதம். மட்டக்களப்பு நகரத்தில் அப்படித்தான் விற்றது. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்த எங்கள் கடைத்தெருவில் எந்த விலைக்கும் அது கிடைக்கவில்லை.

1937இல் தபால் இலாகா கடிதம் போட்டது. பொது டெலிபோன் தருவார்களாம். பேசுகிறவர்களிடம் வருஷத்துக்கு முந்நூறு ரூபாய் வசூலாக வேண்டும். குறைந்தால் மிச்சத்தைக் கட்டுவதாக ஊரில் ஒருவர் புணை நின்று கையெழுத்திட வேண்டும்.

கிராமச் சங்கம் கூடியது. கையெழுத்திடும் வசதி என் மாமா முகைதீன்பாவாவுக்குத்தான் இருந்தது. புடவைக்கடையும் நெல் வியாபாரமும் அவருடையவை.

"முந்நூறெண்டு அவன் சொன்னா, அது நூத்தம்பதுக்கு வாற சாமான்," என்றார் மாமா. "மொதச் சொன்ன வெலக்கி வாங்குறவன் யாவாரியா?"

வயல்கார வல்லிபுரப் போடியார் எழுந்தார். "முதலாளி, இது சீத்தைத் துணி இல்ல. மாரியில தோணி போகாது. ஆசுபத்திரி மோட்டர் லோஞ்சக் கூப்பிட வேற வழி என்ன இருக்கு?"

"வயல் வட்டையில நிக்கிற எருமையோட கதைக்கவும் உதவும், போடியார்!" என்றார் மாமா.

சபை சிரித்தது. நானும் சிரித்தேன்.

போடியார் உட்காரவில்லை. "றோட்டுப் போட ஆரும் புணை கேட்டானா? டெலிபோனையும் அப்பிடித்தான் தரோணும். தரமாட்டான். இப்ப கையெழுத்தப் போடுங்க, சண்டையப் பிறகு புடிப்பம்."

"போட்ட பிறகு எதக் கொண்டு சண்ட புடிக்கிற?" என்றார் மாமா. சபை அவர் பக்கம் சாய்ந்தது.

நூற்றைம்பது என்று எழுதினோம். முந்நூறு என்று பதில் வந்தது. மாமாவுக்குச் சந்தோஷம். "பாத்தியா மருமகன், பதில் போடுறான். ஆச இரிக்கி." நூற்று எழுபத்தைந்துக்கு ஏறினார். அதற்குப் பதிலே இல்லை. கடையிலிருந்து இறங்கிப் போகிற வாடிக்கைக்காரனை உடனே கூப்பிடக் கூடாது, அவனே திரும்பி வருவான் என்பது எங்கள் தொழில். மாமா காத்திருந்தார். இலாகா திரும்பவில்லை.

மாரி பிறந்தது. தலைப்பிள்ளைக்காக வாப்பா வீட்டுக்கு வந்திருந்த மாமாவின் மகள் சபூராவுக்கு வலி கண்டது. மறுநாளும் பிள்ளை பிறக்கவில்லை. மருத்துவிச்சி ஆயிஷா உம்மா வெளியே வந்தாள். "இது என்ட கையில இல்ல, முதலாளி. டாக்குத்தர் வரோணும்."

மாமா துறைக்கு ஓடினார். வாவி கலங்கி, அலை கரைமேல் ஏறிக்கொண்டிருந்தது. ஆசுபத்திரி லோஞ்சு அக்கரையில், சேதி தெரியாமல் கட்டிக் கிடந்தது.

"அக்கரைக்கு ஒரு தோணி. நூறு ரூபா தாறன்!"

தோணிக்காரர்கள் தண்ணீரைப் பார்த்தார்கள்.

"இருநூறு!"

ஒருவரும் அசையவில்லை.

"ஐந்நூறு!"

எதிரே யாரும் பேசாமலிருக்க, மாமா தன் விலையைத் தானே ஏற்றியதை அன்றுதான் கண்டேன்.

"காசில்ல முதலாளி, காத்து," என்றான் ஒருவன்.

காற்று மறுநாள் காலையில் அடங்கிற்று. தோணி போய்ச் சொல்லி, லோஞ்சில் டாக்குத்தர் வந்து இறங்கியபோது சபூராவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை பக்கத்தில் இருந்தது. அடக்கத்துக்கு அதற்கும் தனிக் கபன் துணி கிழித்தாயிற்று.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்ததும் மாமா முந்நூறுக்குக் கையெழுத்திட்டார். டெலிபோன் கம்பி வந்தது. ஒரு வருஷம் கழித்து இலாகா உத்தியோகத்தர் கணக்கோடு வந்தார். மாமா பேரம் பேசுவதைப் பார்க்கக் கடைத்தெருவே கூடிற்று.

"கூடப் போட்டிருப்பான், ஒருக்காக் கேட்டுப் பாருங்க," என்று போடியாரே மெல்லச் சொன்னார்.

மாமா மடியை அவிழ்த்தார். பணத்தை எண்ணி வைத்தார். உத்தியோகத்தர் ரசீது எழுதினார்: வரவேண்டியது முந்நூறு. வசூல் இருநூற்றுப் பன்னிரண்டு. முகைதீன்பாவா கட்டியது எண்பத்தெட்டு. நிலுவை இல்லை.