வாசம் பார்க்கிறவள்

...இல்லை, சேறுதான், நம்ம சதுப்பு நிலத்துச் சேற்று வாசம், இறாலின் தலைக்குள் எப்போதும் இருக்கிறதுதான், அதைப் போய் எண்ணெய் என்று எழுதித் தொலைக்காதே யுயென், அவசரப்படாதே, அலுமினியத் தாளை மூடு, முகத்தைத் திருப்பு, தர்பூசணித் துண்டை எடுத்து முகர்ந்துகொள், மூக்கு கொஞ்சம் தெளியட்டும், பிறகு மறுபடி கிண்ணத்துக்கு வா. குட்டிக் குட்டியாக மூச்சு, முயல் மோப்பம் பிடிக்கிற மாதிரி, நீளமாக இழுத்தால் மூக்கு களைத்துவிடும் என்று பயிற்சி கொடுத்த டெனீஸ் சொன்னாளே. வெள்ளைச் சுவர், வெள்ளை மேசை, ஆளுக்கொரு பலகைத் தடுப்பு, பக்கத்துத் தடுப்பில் க்ளோவிஸ் கிழவர், நண்டு வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு இங்கே வந்தவர், அவர் உஸ் உஸ்ஸென்று உறிஞ்சுகிற சத்தம் கேட்கிறது... மொத்தம் ஆறு பேர், எல்லாரும் இந்தக் கரையைச் சேர்ந்தவர்கள், சோதனைக்கென்று நேற்று விரிகுடாவில் பிடித்த இறாலை முகர்ந்து பார்த்து, கடலில் கொட்டுகிற கச்சா எண்ணெய் அதில் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். ஆறு பேரும் சுத்தம் என்றால் நாளைக் காலை படகுகள் போகலாம். ஒருவர் சந்தேகப்பட்டாலும் போக முடியாது. இன்றைக்கு என் மூக்கு என்னுடையதில்லை, ஊருடையது.

கரையில் எல்லோருக்கும் அது தெரிந்திருக்கிறது, தெரியாத மாதிரி இருப்பதுதான் கொடுமை. காலையில் துறையில் கொழுந்தன் சாங் படகில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தான், இன்னும் அனுமதியே வரவில்லை, அதற்குள் ஐஸ்! என்னைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு வந்தான். "அண்ணி, இன்னிக்குன்னு பாத்து உங்களுக்கு ஜலதோஷம் புடிச்சா எவ்வளவு நல்லாருக்கும்!" என்றான். "புடிச்சா மொதல்ல உனக்குத்தான் ஒட்ட வைப்பேன், போடா" என்றேன். சிரித்தான், அப்புறம் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது. "புயல் வருது அண்ணி. அதுக்குள்ள ஒரு தடவையாவது வலை எறக்கிடணும். அந்தக் கருமத்த புயல் உள்ள தள்ளிவிட்டுடுச்சுன்னா இந்த வருசத்தோடயா போவும்?" இந்த வருடத்தோடு போகாது, அதுதானே என் தூக்கத்தையும் தின்கிறது. தூண்டில் கடைத் தொலைக்காட்சியில் நாள் முழுக்க அதையேதான் காட்டுகிறார்கள், வெளிச்சமே போகாத ஆழத்தில் ஒரு உடைந்த குழாய், அதிலிருந்து பழுப்பாக, குமுறிக் குமுறி, ஓயாமல்... மேலே இறக்கிய மூடி அடைத்துக்கொண்டு பயனில்லாமல் போனது, சேற்றைத் திணித்தார்கள், துப்பிவிட்டது. இப்போது அழுத்தி மூடவே பயப்படுகிறார்களாம், மூடினால் அடக்கிய வேகத்தில் கடல் தரையே வேறு எங்காவது வெடித்துத் திறந்துகொள்ளும் என்று. மூடாவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். கடை முழுக்கப் பேச்சு நின்று எல்லாரும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், பால் வாங்கப் போன நானும் பாலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். சதுப்புப் புல்லின் வேர் கருகினால் கரை கரைந்துபோகும், கரை போனால் குஞ்சு இறால் எங்கே ஒதுங்கும், குஞ்சு இல்லாவிட்டால் சாங் எங்கே, நாங்கள் எங்கே... போதும், அடுத்த கிண்ணம்.

மூடியைத் திற. குட்டி மூச்சு. உப்பு, கொஞ்சம் இனிப்பு, சுத்தம். சாங்குக்காகச் சுத்தம் என்கிறேனா? இல்லை, இல்லவே இல்லை, அதில் மட்டும் நான் இறங்கிப்போக மாட்டேன். பொய் சொல்லி விரிகுடாவைத் திறந்துவிட்டு எங்கேயோ ஒரு ஊரில் ஒரு குழந்தையின் தட்டில் டீசல் நாற்றம் அடித்தால் பிறகு எங்கள் கடல் இறாலை ஜென்மத்துக்கும் எவனும் தொட மாட்டான், அது ஒரு பக்கம், அந்தக் குழந்தைக்கு என்ன ஆகும் என்பது இன்னொரு பக்கம். பயத்தில் எண்ணெய் என்று எழுதினாலும் பாவம்தான், இருக்கிற நல்ல இறாலையும் புயலுக்குத் தாரை வார்த்துக் கொடுத்ததாகிவிடும். இருப்பதை இருக்கிறபடி சொல்லிவிடுவது, அவ்வளவுதான். அதற்காகத்தானே இந்த மூக்கைப் பச்சைப் பிள்ளையைப் போலக் காப்பாற்றி வருகிறேன். எதிலும் ஊற்றிக்கொள்கிற புட்டி மீன்சாறு இப்போது சமையலில் கிடையாது, பூண்டு கிடையாது, தலைவலித்தாலும் பச்சைத் தைலம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்கூட சாம்பிராணிப் புகைக்குப் பயந்து வாசலில் நின்றேன், சாமியார் ஒரு மாதிரியாகப் பார்த்தார், பார்க்கட்டும். என் வீட்டுக்காரர் ஹியெப்புக்குத்தான் பொறுக்கவில்லை. பகலெல்லாம் எண்ணெய்க் கம்பெனிக்காரர்களின் படகில், எண்ணெய் கரைக்கு வராமல் தடுக்கிற மிதவைக் கயிறு கட்டிவிட்டு வருகிற மனிதர், தட்டைப் பார்த்ததும் முகம் தொங்கிவிடும். "மீன்சாறு இல்லாம இது சோறாடி? ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டுத் திங்கிற மாதிரி இருக்கு." "வாய மூடிக்கிட்டுச் சாப்புடுங்க, கடல் நல்லாவட்டும், புட்டியோட ஊத்தறேன்." சாப்பிட்டார், பாவம், என்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டே சாப்பிட்டார்.

கடைசிக் கிண்ணம். சேறு, உப்பு... வேறு ஒன்றுமில்லை. எல்லாமே சுத்தம். பென்சிலை எடுத்தபோது உடம்பெல்லாம் லேசாகிவிட்டது, சாங்கின் முகம், துறையில் ஒரே நேரத்தில் எஞ்சின்கள் கிளம்புகிற சத்தம், எல்லாம் ஒரு நொடியில் வந்துபோனது, அந்த லேசுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு சந்தோஷமாக எழுதுகிற கையை நம்பலாமா? ஒரு கிண்ணத்தில்கூட, ஒரு மூச்சில்கூட, ஒரு சின்ன உறுத்தல் இல்லையே, சதுப்புப் புல் ஓரத்தில் பிசுக்குத் தட்டுகிறது என்று போன வாரம் ஹியெப்பே சொன்னாரே. சந்தேகம் வந்தால் சீசாவைக் கேட்கலாம் என்பது விதி, எண்ணெயின் நாற்றம் எப்படி இருக்கும் என்று மூக்குக்கு ஞாபகப்படுத்த ஒரு துளியை நீரில் கலந்து வைத்திருக்கிறார்கள், பயிற்சியின் முதல் நாள் அதை மோந்து எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இன்றுவரை யாரும் அதைக் கேட்டதில்லை, மற்றவர்களெல்லாம் எழுதி முடித்துவிட்டார்கள், க்ளோவிஸ் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டார், நான் கையைத் தூக்கினேன். "அட, வீட்டுக்குப் போவ விடும்மா, அந்த இறாலுக்கே உன்னப் பாத்துச் சலிச்சுப்போச்சு" என்றார் க்ளோவிஸ். "சலிச்சா சலிக்கட்டும், சித்த ஒக்காருங்க பெரியவரே" என்றேன்.

டெனீஸ் சீசாவை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, கழுத்தைத் திருப்பிக்கொண்டு கொண்டுவந்து வைத்தாள். மூடியைத் திறந்தேன். குட்டி மூச்சு. ஒன்றுமில்லை... இல்லை, இருக்கிறது, ஆனால் இது நாற்றமில்லையே, இது... பசித்தது. சாயங்காலம் ஆகிவிட்ட மாதிரி இருந்தது, அடுப்பைப் பற்றவைக்க வேண்டும், சோற்றை இறக்க வேண்டும், வாசலில் பூட்ஸைக் கழற்றுகிற சத்தம், அப்பாடா, ஹியெப் பத்திரமாக வந்துவிட்டார். மறுபடி மோந்தேன். மறுபடி ஹியெப்தான். பூண்டைத் தள்ளினேன், தைலத்தைத் தள்ளினேன், கோயில் புகையைக்கூடத் தள்ளினேன், ராத்திரியில் என் தலையணைக்குப் பக்கத்தில் படுக்கிற மனிதரை ஏன் நான் நினைக்கவே இல்லை? அந்தப் படகு வேலைக்குப் போன முதல் வாரம் அவரை வாசலிலேயே நிறுத்தி வைத்தேன், "அப்படியே நில்லுங்க, நாத்தம் குமட்டுது, சட்டையக் கழட்டிப் போட்டுட்டு உள்ள வாங்க" என்று கத்தினேன், அந்தத் துணியைத் தனி வாளியில் ஊறவைத்தேன். இப்போது அவர் நேராக உள்ளே வருகிறார், சாப்பாட்டு மேசையில் உட்காருகிறார், அவருடைய சட்டை என் துணிகளோடு, படுக்கை விரிப்போடு ஒன்றாகத் துவைகிறது... எப்போதிலிருந்து? நாற்றம் போய்விட்டது என்று நினைத்தேன், போகவில்லை, அது வீட்டுக்கு வந்து குடியேறிவிட்டது, கடலடியில் ஓடுவது நிற்கவே இல்லை, எனக்குள் அதைக் கண்டுபிடிக்கிறதுதான் நின்றுபோய்விட்டது.

எழுதிவிட்டுப் போகலாம், யாருக்கும் தெரியாது. ஐஸ் இருக்கிறது, புயல் வருகிறது, சாங் காத்துக்கொண்டிருக்கிறான், உண்மையிலேயே சுத்தமாகக்கூட இருக்கலாம். இருக்கலாம் என்பதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். பென்சிலைக் கீழே வைத்தேன். "டெனீஸ், என் தாளக் கிழிச்சுப் போட்டுடுங்க. இந்த மூக்கு கெட்டுப்போச்சு, எண்ணெய் எனக்கு எண்ணெயாத் தெரியல." அவள் புரியாமல் நின்றாள். "அப்ப விரிகுடாவத் தொறக்க முடியாதே யுயென், நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" யோசித்துத்தான் சொல்கிறேன், சாங்கிடம் நானே போய்ச் சொல்கிறேன், அவன் திட்டட்டும், ஐஸைத் தூக்கி என் மேலேயே கொட்டட்டும், ஆனால் முகம் பார்த்துச் சொல்லிவிடுவேன். க்ளோவிஸ் தடுப்பைச் சுற்றிக்கொண்டு எழுந்து வந்தார், இன்னும் ஒரு கிண்டலை வாயில் தயாராக வைத்திருந்தார், சீசாவை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார், அவருடைய மகனும் நண்டுக் கூண்டுகளைக் கரையேற்றிவிட்டு கம்பெனிப் படகுகளுக்குத்தான் வேலைக்குப் போகிறான். ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. கிண்டல் வரவில்லை. சீசாவை அடுத்தவரிடம் நீட்டினார், அந்த அம்மாள் அதற்கடுத்தவரிடம்... டெனீஸ் தலைநகரத்திலிருந்து வாராவாரம் வருகிறவள், அவள் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, "யாராச்சும் மொதல்ல அத மூடுங்களேன், கொமட்டுது" என்றாள். மூடியில்லாத சீசா எங்கள் ஆறு பேரின் கையிலும் சுற்றி வந்துவிட்டது, அந்த அறையில் முகம் சுளித்தது அவள் ஒருத்திதான்.